ரசவாளியில் ஒரு விமானம்

‘இறக்கையின் மேல்பக்கம் வளைவு. அதனால் மேலே போகும் காற்றுக்குத் தூரம் அதிகம். கீழ்க்காற்றோடு பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சேரவேண்டி அது வேகமாக ஓடுகிறது. விமானம் பறப்பதை என் மகளுக்கு இப்படித்தான் சொல்லித்தருகிறார்கள், சரியா?’ என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

சரியில்லை. பிரிந்த காற்று மறுபடி சேர்ந்தே ஆகவேண்டும் என்று யாரும் அதற்கு முகூர்த்தம் குறித்துக் கொடுக்கவில்லை. 2003இல் கேம்பிரிட்ஜின் ஹோல்கர் பாபின்ஸ்கி, காற்றோட்டத்தில் புகையை விட்டுவிட்டு அனுப்பிப் படம்பிடித்துக் காட்டினார். மேல்புகை முந்திப் போய்விட்டது. மேலே வேகம் அதிகம், அழுத்தம் குறைவு என்பதெல்லாம் உண்மை. சொல்லும் காரணம்தான் கதை. கதை பொய் என்றதும், ‘விமானம் பறப்பது விஞ்ஞானிகளுக்கே புரியாத மர்மம்’ என்று தலைப்புப் போடக் கிளம்பிவிடுகிறார்கள். அதுவும் கதைதான்.

இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது. அழுத்த வேறுபாடும் இந்தத் தள்ளலும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். 500 டன் எடையோடு ஏ380 விமானம் ஒன்று உயரத்தில் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தோராயமாகப் போட்டுப் பார்த்தால், நொடிக்கு ஏறக்குறைய தன் எடை அளவு காற்றையே, நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் கீழே அனுப்பினால்தான் அது விழாமல் இருக்கும்.

அந்தக் காற்று என்ன ஆகிறது? ரசவாளியில் கரண்டியை நிமிர்த்திப் பிடித்து, ஒரு சாண் இழுத்து, வெடுக்கென்று வெளியே எடுங்கள். (பரிமாறுகிறவர் முறைத்தால் நான் பொறுப்பல்ல.) கரண்டியின் இரு ஓரமும் இருந்த இடத்தில் இரண்டு சுழிகள், எதிரெதிராகச் சுற்றியபடி, சேர்ந்தே முன்னே நகரும். கரண்டி போன திசையைக் ‘கீழே’ என்று வைத்துக்கொண்டால், விமானத்துக்குப் பின்னால் நடப்பது இதுவே. இறக்கையின் இரு நுனிகளிலும் காற்று கீழிருந்து மேலே சுருண்டு ஏறுகிறது, நடுவில் இறங்குகிறது. ஒன்றையொன்று அழுத்தியபடி இரண்டு சுழல்களும் மெல்லக் கீழே அமிழ்கின்றன.

வரலாறு வேண்டுமென்றால்: பொறியாளர் லான்செஸ்டர் 1907இல் இந்தச் சுழல்களைப் பற்றி எழுதினார், விஞ்ஞானி பிராண்டில் அவற்றுக்குக் கணக்கு வகுத்தார். வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்ற பெர்னூலியின் நூல் 1738இல் வந்தது. விமானத்தையே காணாத மனிதர், ‘ஒரே நேரத்தில் சேரவேண்டும்’ கதையின் பழி மட்டும் அவர்மேல்.

ரசத்தில் கறிவேப்பிலை மிதக்குமே, அதற்கும் வேலை இருக்கிறது: பெரிய விமானத்தின் சுழலில் சிக்கும் சிறு விமானம் அதுதான். 2017 ஜனவரியில் அரபிக்கடலுக்கு மேல், மாலத்தீவிலிருந்து வந்த சேலஞ்சர் 604 என்ற சிறு ஜெட், எதிர்த்திசையில் ஆயிரம் அடி உயரே கடந்துபோன ஏ380இன் சுழலில் சிக்கியது. பல முறை புரண்டது. ஏறக்குறைய 9,000 அடி சரிந்தது. உள்ளே இருந்தவர்களில் சிலருக்குக் காயம். விமானிகள் எப்படியோ நிமிர்த்தி மஸ்கட்டில் இறக்கினார்கள். அந்தச் சட்டகம் தாங்கக்கூடிய பளுவைத் தாண்டிவிட்டது, இனிப் பறக்கத் தகுதியில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள்.