பாறை பேசிய படம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மேலே தலைச்சோலை வரை எங்கும் கரும்பாறைகள்தாம். ஒன்றில் மூக்கு தெரிகிறது, மற்றொன்றில் வாய் தெரிகிறது என்று குழந்தைகள் கூவுவார்கள். சேர்வராயன் மலையின் இப்பாறைகளுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். அவற்றில் ஒன்று திடீரென்று கண் விழித்துப் பேசினால் எப்படி இருக்கும்?

மலையடிவாரத்தில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தை வெளியிட்டது. அதில் மந்திரச் சொல்லைக் கேட்டுக் குகைவாயில் திறந்தது. ஆனால் பாறை பேசவில்லை. பேசும் பாறை 1985-இல் வந்த 'ரிட்டர்ன் டு ஓஸ்' என்னும் அமெரிக்கப் படத்தில் வந்தது.

1939-இல் வெளிவந்த 'தி விசர்ட் ஆஃப் ஓஸ்' பாட்டும் சிரிப்புமாகக் குழந்தைகளைக் கவர்ந்த படம். அதன் கதையைத் தொடர்ந்த இப்படமோ இருண்டது. சிறுமி டோரத்தி திரும்பிச் சென்றபோது மாயநகரம் பாழடைந்து, மக்கள் கல்லாகிக் கிடக்கிறார்கள். பாறைகளில் முகங்கள் முளைத்து அவளை வேவு பார்க்கின்றன. அவற்றின் தலைவன் நோம் அரசன். பல குழந்தைகள் அஞ்சி நடுங்கினர்.

இப்பாறை முகங்களைக் களிமண்ணால் ஆட்டுவித்தவர்கள் வில் வின்டனும் அவர் குழுவினரும். முகத்தைச் செய்து ஒரு படம் எடுப்பார்கள். உதட்டை இம்மியளவு நகர்த்தி இன்னொரு படம். திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடும். உதடு ஒரு நொடியில் 12 மில்லிமீட்டர் திறக்க வேண்டுமானால், படத்துக்குப் படம் அரை மில்லிமீட்டர்தான் நகர்த்தலாம். ஒரு நிமிடக் காட்சிக்கு 1,440 படங்கள்!

அசையாத படங்கள் அசைவதாகத் தோன்றுவது ஏன்? 'பார்வை நிலைப்பு' என்று உடனே விடை சொல்வீர்கள். ஒரு காட்சி மறைந்த பின்னும் ஏறத்தாழ 1/16 நொடி கண்ணில் தங்குகிறது என்று படித்திருக்கிறோம். இது பாதி விடையே. இரு படங்களுக்கு இடையே திரை இருளாவதை நாம் உணராமலிருக்க அது காரணமாகலாம். ஆனால் படங்கள் கண்ணில் தங்குவது மட்டுமே நடந்தால், பல உதடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வெறும் கலங்கலாகத்தானே தெரியவேண்டும்?

1912-இல் மாக்ஸ் வெர்தைமர் என்னும் உளவியலறிஞர் இதை ஆராய்ந்தார். அடுத்தடுத்து இரண்டு கோடுகளைத் தக்க இடைவெளியில் காட்டினார். பார்த்தவர்களுக்கு இரு கோடுகள் தெரியவில்லை; ஒரே கோடு நகர்வதாகத் தெரிந்தது. இல்லாத அசைவை இட்டு நிரப்பியது மூளை. மலைப்பாறையின் மேடுபள்ளத்தை முகமாக்குவதும் அதே மூளைதான்.

நீங்களே சோதிக்கலாம். 30 தாள்கள் உள்ள சிறு குறிப்பேட்டின் ஓரத்தில் தாளுக்கு ஒன்றாகப் பாறை முகம் வரையுங்கள். வாயைச் சிறிது சிறிதாகத் திறக்கச் செய்யுங்கள். மெதுவாகப் புரட்டினால் 30 ஓவியங்கள். விரைவாகப் புரட்டினால் பாறை வாய் திறக்கும். பிறகு நடுவில் பத்துத் தாள்களை எடுத்துவிட்டு அதே வேகத்தில் புரட்டுங்கள். அந்த இடத்தில் வாய் திறக்காது, தாவும். கண்ணும் வேகமும் மாறவில்லை. படங்களுக்கிடையே உள்ள தூரம் மிகுந்ததால் மூளையால் இணைக்க இயலவில்லை. நோம் அரசனின் உயிர் அந்த அரை மில்லிமீட்டரில் இருக்கிறது.