மதகு யார் கையில்? — பேரிடர், உள்ளாட்சி, அதிகாரம்: சில குறிப்புகள்

'இயற்கைப் பேரழிவு' என்கிற தொடரே ஒரு ஏற்பாடுதான். 'இயற்கை' என்று முன்னால் போட்டுவிட்டால், பின்னால் வரும் அழிவுக்கு ஆள் யாரும் பொறுப்பில்லை என்றாகிவிடுகிறது. புயல் இயற்கை, சரி. புயல் அடிக்கிற ஊரில் கூரைவீடு யாருக்கு, மாடிவீடு யாருக்கு என்பது இயற்கையல்லவே. வெள்ளத்தையும் வெள்ளச் சேதத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும், பின்னது மனிதர்கள் எங்கே, எப்படிக் குடியேறினார்கள் என்பதைப் பொறுத்தது என்று அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் வைட் 1940களிலேயே வாதிட்டார். 1976இல் ஓ'கீஃப், வெஸ்ட்கேட், விஸ்னர் மூவரும் 'நேச்சர்' இதழில் அந்த அடைமொழியையே கழற்றச் சொன்னார்கள். அரை நூற்றாண்டு ஆகிறது. நம் அரசாணைகளில் அது இன்னும் கழலவில்லை.

அடைமொழியைக் கழற்றினால் தெரிவது என்ன? இடர் என்பது மனைப்பிரிவு அனுமதியில், ஏரிப் புறம்போக்கில், தூர்ந்த வாய்க்காலில், கலுங்குக்கு எதிரே போட்ட சாலையில் கொஞ்சங் கொஞ்சமாக உற்பத்தியாகிறது. எல்லாமே உள்ளூர்ச் சமாச்சாரம். ஆகவே அதைக் குறைப்பதும் உள்ளாட்சியின் வேலை என்று சொல்லிவிடலாம். ஆனால் இதைச் சொல்லிவிட்டு நகர முடியாது.

ஜப்பானின் வடகிழக்குக் கரையில், இவாதே மாகாணத்தில், ஃபுதாய் என்றொரு மீனவக் கிராமம். 2011 வாக்கில் மக்கள்தொகை 3000 சொச்சம். 1896, 1933 ஆகிய இரண்டு சுனாமிகளிலும் சேர்த்து 439 பேரைப் பறிகொடுத்த ஊர். 1933ஐக் கண்ணால் பார்த்த கோதோகு வாமுரா, போருக்குப் பின் 40 ஆண்டுகள் அங்கே ஊர்த்தலைவராக இருந்தார். முதலில் 15.5 மீட்டர் உயரத்தில் கடற்சுவர், பிறகு 1984இல் ஆற்றின் வாயில் அதே உயரத்தில் 205 மீட்டர் நீளத்துக்கு மதகு. மதகுக்கு மட்டும் 356 கோடி யென். 'இம்மாம் பெரிசு எதுக்கு?' என்கிற முணுமுணுப்பு இருக்கத்தான் செய்தது. பணம் மேலிருந்தும் வந்தது. உயரத்தை விட்டுக்கொடுக்காத பிடிவாதம் ஊரிலிருந்து வந்தது. வாமுரா 1997இல் இறந்துபோனார். 2011 மார்ச் 11 அன்று அலை மதகின் மேலேறி வழிந்தும் குடியிருப்பை எட்டவில்லை. படகைப் பார்க்கத் துறைமுகத்துக்குப் போன ஒருவர் மட்டும் காணாமல் போனார்.

இதோடு கதையை முடித்தால் அது வீரகாதை. அதே கரையில் தாரோ என்ற ஊரும் இருக்கிறது. 1933இல் 900 பேருக்கு மேல் செத்த ஊர். அதுவும் சுவர் கட்டியது: 10 மீட்டர் உயரம், 2.4 கிலோமீட்டருக்கு மேல் நீளம், உலகமே வந்து பார்த்துவிட்டுப் போன சுவர். 2011இல் அலை அதைத் தாண்டியது. ஒரு பகுதி பெயர்ந்தே போனது. ஏறக்குறைய 180 பேர் இறந்தார்கள். சுவர் தண்ணீரை மட்டுமா தடுக்கிறது? பயத்தையும் தடுத்துவிடுகிறது. ஆக, உள்ளூர்க்காரன் செய்தால் சரியாகவே இருக்கும் என்பதற்கில்லை. உள்ளூரில் இருப்பது நினைவு. நினைவுக்கு அதிகாரம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு ஊர்களும் இரண்டு விடைகள்.

நம் பக்கம் நினைவுக்கு அதிகாரமே இல்லை. 73ஆவது திருத்தம் சேர்த்த பதினோராம் அட்டவணையின் 29 இனங்களில் பேரிடர் கிடையாது. 2004 சுனாமிக்குப் பிறகு வந்த 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் மையத்தில் பிரதமர், மாநிலத்தில் முதல்வர், மாவட்டத்தில் ஆட்சியர். உள்ளாட்சி ஆளுக்குப் பயிற்சி கொடுக்கணும், சாமான்களைத் தயாராக வைக்கணும், கட்டுமானம் விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கணும். எல்லாமே மாவட்ட ஆணையத்தின் 'வழிகாட்டுதலுக்கு உட்பட்டு'. அந்த ஆணையத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதி ஒருவர் இணைத்தலைவர் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். நல்லது. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் காலம் முடிந்தது, தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்கள் வந்தார்கள். ஊரகத் தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில், மீதியில் 2021இல், நகரங்களில் 2022இல். இடையில் வர்தா, ஒக்கி, கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது, சட்டம் சொன்ன அந்த இணைத்தலைவர் நாற்காலியில் உட்கார ஆளே இல்லை. முன்கூட்டியே மக்களை அப்புறப்படுத்தியதில் அரசு இயந்திரம் திறமையாகவே வேலை செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அப்புறப்படுத்துவது வேறு, இடரைக் குறைப்பது வேறு; முன்னது ஓர் இரவின் வேலை, பின்னது இருபது வருஷத்து வேலை. 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிகளின் காலம் முடிய, மறுபடியும் தனி அலுவலர்கள்.

ஏரிகளையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 39,000க்கு மேல். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைவானால் ஊராட்சி ஒன்றியம், மேற்பட்டால் நீர்வளத் துறை. தண்ணீருக்கு இது தெரியாது. மேலேரி நிறைந்து கீழேரிக்குப் போகிற சங்கிலியில் ஒரு கண்ணி இவரிடம், அடுத்த கண்ணி அவரிடம். நடுவில் வரத்துக்கால் யாரிடம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளிருக்காது. தூர்வாரினால் ஓட்டு விழுமா என்பது வேறு பிரச்சினை. அமெரிக்கத் தேர்தல்களை ஆராய்ந்த ஹீலி, மல்ஹோத்ரா இருவரும் வாக்காளர்கள் நிவாரணத்துக்குப் பரிசளிக்கிறார்கள், முன்தடுப்புக்கு அளிப்பதில்லை என்று 2009இல் காட்டினார்கள். வராத வெள்ளத்துக்கு யார் மாலை போடுவார்கள்?

'பழைய குடிமராமத்து இருந்தபோது எல்லாம் சரியாக இருந்தது' என்போர் உண்டு. அந்த ஊர் யாருடைய ஊர்? மண் சுமந்தவர், மடை திறந்தவர், பாசனம் பெற்றவர் மூவரும் ஒருவரல்ல. சேரி பெரும்பாலும் பள்ளத்தில்தான் இருக்கிறது. வெள்ளம் முதலில் போகிற இடமும் அதுதான். 2004 சுனாமி நிவாரணத்தில் தலித்துகளும் இருளர்களும் ஒதுக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. ஒதுக்கியவர்கள் அதிகாரிகள் மட்டுமல்ல, ஊரும்தான். எனவே 'அதிகாரத்தைக் கீழே கொடு' என்கிற கோரிக்கையோடு, கீழே யார் கையில் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது. தனி ஊராட்சியான மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 2006 வரை தலைவர் நாற்காலியில் யாரையும் நிலையாக உட்கார விடவில்லை. அந்தப் பத்தாண்டுகளிலும் மழை பெய்துகொண்டுதான் இருந்தது.