நீர் பிரியும் மேடு: விஷன்ஸர் முதல் கங்காபல் வரை

காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் வடகிழக்கு விளிம்பில் சோனமார்க்கில் தொடங்கி நாராநாக்கில் முடியும் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் மலைவழி, காஷ்மீரப் பேரேரிகள் வழி என்ற பெயரில் இன்று மலைநடைப் பிரியர்களிடையே பரவலாக அறியப்படுகிறது. ஆறேழு நாள்கள் நடக்க வேண்டிய இவ்வழியைப் பற்றி எழுதுவோரில் பலர் ஏரிகளின் பெயர்களையும் நிறங்களையும் பட்டியலிட்டு நிறைவடைந்துவிடுகின்றனர். அந்த ஏரிகளின் நீர் எத்திசையில் ஓடுகிறது என்பதைக் கவனித்தால்தான் இவ்வழியின் அமைப்பே புலப்படும். ஒரு சரிவில் விழும் மழையை ஓர் ஆற்றுக்கும் மறுசரிவில் விழுவதை வேறோர் ஆற்றுக்கும் அனுப்பும் மலைமுகட்டை நீர்ப்பிரிமேடு என்பர். இவ்வழியில் செல்வோர் சிந்து நதியின் வடிநிலத்திலிருந்து புறப்பட்டு, அத்தகைய முகடொன்றைக் கடந்து கிஷன்கங்கையின் வடிநிலத்துக்குள் இறங்கி, சில நாள்களுக்குப் பின் அதே முகட்டை வேறோரிடத்தில் மீண்டும் கடந்து சிந்தின் பக்கமே திரும்புகின்றனர். இங்குக் குறிக்கப்படும் சிந்து, பெருநதியான சிந்து அன்று. சோனமார்க் வழியே பாய்ந்து ஷாதிப்பூரில் ஜீலத்துடன் கலக்கும், அதே பெயர் கொண்ட சிற்றாறாகும்.

ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரையே இவ்வழி நடப்பதற்கு உகந்தது. இமயத்தின் பிற சரிவுகளில் பருவமழை கொட்டும் அக்காலத்தில், தெற்கே அரணாக நிற்கும் பீர் பஞ்சால் மலைத்தொடர் மழைமேகங்களின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால், காஷ்மீரில் நடப்பதற்கேற்ற வானிலை நிலவுகிறது. ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரத்தில் உள்ள சோனமார்க்கிலிருந்து ஏறத் தொடங்கும் பாதை, ஊசியிலைக் காடுகளைக் கடந்து, மரங்கள் வளரக்கூடிய உச்ச எல்லையைக் குறிக்கும் பூர்ஜ மரங்களை அடைகிறது. தாள் தாளாக உரியும் இம்மரத்தின் பட்டையே காகிதம் வருவதற்கு முன் காஷ்மீரத்து அறிஞர்களின் ஏடாகப் பயன்பட்டது. தமிழகத்தில் பனையோலை ஆற்றிய பணியை அங்கு இப்பட்டை ஆற்றியது. பூர்ஜ மரங்களுக்கு மேலே புல்லும் பாறையும் பனியுமே எஞ்சுகின்றன.

முதல் முகாமிடமான நிச்நய்க்கு அப்பால், 4,000 மீட்டருக்கும் சற்று உயர்ந்த நிச்நய் கணவாயில் நீர்ப்பிரிமேடு முதன்முறையாகக் கடக்கப்படுகிறது. அதற்கு அப்பால் ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் விஷன்ஸரும், அதற்குச் சற்று மேலே கிருஷன்ஸரும் உள்ளன. ஸர் என்பது காஷ்மீரியில் ஏரியைக் குறிக்கும். இவை மழைநீர் தேங்கிய பள்ளங்கள் அல்ல. ஆண்டுதோறும் உருகாது எஞ்சிய பனி, அடுக்கடுக்காக இறுகிப் பனிக்கட்டியாகித் தன் எடையாலேயே மெல்ல நகரும்போது பனியாறு எனப்படுகிறது. அப்பனியாறு மலைமடிப்பில் அமர்ந்து அடிப்பாறையைப் பெயர்த்தும் தேய்த்தும் கிண்ணம் போன்ற குழியைக் குடைகிறது. நிலவியலில் இக்குழி சர்க்கு எனப்படும். பனியாறு தான் சுமந்துவந்த கற்களையும் மண்ணையும் விளிம்பில் குவித்துச்செல்லும் மேடு மொரைன் எனப்படும். பனி பின்வாங்கிய பின் அக்குழிகளிலும் மொரைன்களுக்குப் பின்னாலும் தேங்கிய நீரே உயர்மலை ஏரிகளாயின. பாறை அரைபட்டு உண்டான மாவு போன்ற நுண்துகள்கள் நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால்தான் உருகுநீர் பாயும் ஏரிகளுக்கு அந்தப் பசுநீல நிறம் வாய்க்கிறது. ஓடைகள் கொண்டுவரும் வண்டல் இக்குழிகளை இடைவிடாது தூர்த்துக்கொண்டே இருப்பதால், நிலவியலின் கால அளவில் இவை மிகக் குறுகிய ஆயுள் கொண்டவை.

கிருஷன்ஸரின் நீர் விஷன்ஸரில் விழுந்து, அங்கிருந்து வடக்கே பாய்ந்து கிஷன்கங்கையின் தொடக்கமாகிறது. இவ்விரு ஏரிகளிலும் இன்று காணப்படும் பழுப்பு ட்ரவுட் மீன்கள் காஷ்மீருக்கு உரியவை அல்ல. 1900-இல் பிரிட்டனிலிருந்து தருவிக்கப்பட்ட முட்டைகளைப் பொரிக்கவைத்து, தூண்டில் விளையாட்டுக்காகக் காஷ்மீரின் நீர்நிலைகளில் பரப்பப்பட்ட மீனினத்தின் வழிவந்தவை. மீனே இல்லாதிருந்த உயர்மலை ஏரிகளில் இத்தகைய வேட்டைமீன் புகுந்தால், அங்கு வாழும் நுண்ணுயிர்களின் சமநிலை குலையும் என்பது உலகின் பல மலைப்பகுதிகளில் உறுதிப்பட்ட உண்மை. தூண்டிலுடன் வருவோர் இயற்கையின் கொடையென எண்ணுவது, ஒரு நூற்றாண்டுக்குச் சற்று முன் மனிதர் செய்த தலையீட்டின் விளைவே.

இங்கு உடலின் நிலையைப் பற்றியும் கூறியாக வேண்டும். வழியின் மிக உயர்ந்த இடமான, ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரமுள்ள காட்ஸர் கணவாயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறாவிடினும், ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குக் கிட்டும் அளவு அதே விகிதத்தில் குறைகிறது. 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது என்பது மலைமருத்துவத்தின் பரிந்துரை. ஆனால் இவ்வழியில் முதல் நாளிலேயே உறங்குமிடம் எழுநூறு, எண்ணூறு மீட்டர் உயர்ந்துவிடுவதால், சோனமார்க்கில் ஒரு நாளும் விஷன்ஸர் கரையில் ஒரு நாளும் தங்குவது இன்றியமையாதது. செலவைக் குறைக்க அந்த ஓய்வுநாள்களை வெட்டும் பயணத் திட்டங்கள் கண்டிக்கத்தக்கவை. தலைவலியும் குமட்டலும் உயரநோயின் தொடக்க அறிகுறிகள். ஓய்விலும் மூச்சுத் திணறினாலோ, நடை தள்ளாடினாலோ, நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்திருக்கிறது என்று கொண்டு உடனே கீழிறங்குவதே உயிர்காக்கும் வழி. மாத்திரையை விழுங்கிவிட்டு மேலேறுவது அதற்கு ஈடாகாது.

காட்ஸர் கணவாயின் உச்சியிலிருந்து விஷன்ஸரும் கிருஷன்ஸரும் ஒருசேரத் தெரிகின்றன. மறுசரிவில் இறங்கினால் காட்ஸர் ஏரி. இப்புல்வெளிகளின் செடிகளில் தமிழ் வாசகர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. சித்த மருத்துவத்தில் கோஷ்டம் எனப்படும் வேர், காஷ்மீரில் குத் என வழங்கும் செடியினுடையது. கிஷன்கங்கைப் பள்ளத்தாக்கை ஒட்டிய இம்மலைப்பகுதி அதன் இயல்பான வாழிடங்களுள் ஒன்று. வேருக்காக வரைமுறையின்றித் தோண்டப்பட்டதால் அச்செடி அழிவின் விளிம்பை எட்டி, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது.

ஆளற்ற காடாக இப்பகுதியைச் சித்திரிப்பது பிழை. ஜம்முவின் தாழ்நிலங்களிலிருந்து இளவேனிலில் ஆட்டுமந்தைகளுடன் புறப்படும் பக்கர்வால் மக்கள், கோடை முழுவதும் இப்புல்வெளிகளில் மேய்த்து, இலையுதிர்காலத்தில் திரும்பிச் செல்கின்றனர். 1991-இல் குஜ்ஜர்களுடன் சேர்த்துப் பட்டியல் பழங்குடியினராக அறிவிக்கப்பட்ட இவர்களது மந்தைகள் நடந்த தடங்களே இன்றைய நடைவழியின் பல பகுதிகள். கட்டுப்பாட்டுக் கோடு அருகில் இருப்பதால் ராணுவக் காவல்நிலைகளும் உள்ளன. அங்கு அடையாளச் சான்றைக் காட்டிப் பதிவுசெய்த பின்னரே நடப்போர் மேற்செல்ல இயலும். குளிரில் குப்பை மட்குவதற்கு ஆண்டுகள் பல ஆகும் இவ்வுயரத்தில், ஒரே முகாமிடத்தில் கோடை முழுவதும் கூடாரங்கள் நெருங்கி நிற்பது மேய்ச்சல் நிலத்தையும் குடிநீரையும் ஒருங்கே கெடுக்கிறது. அக்கேட்டை முதலில் சுமப்பவர்கள் அந்நீரையே அருந்தும் மேய்ப்பர்கள்.

ஏழு ஏரிகளின் தொகுதியான ஸத்ஸரைத் தாண்டி ஸஜ் கணவாயில் ஏறும்போது, 5,142 மீட்டர் உயரமான ஹர்முக் மலையும் அதன் அடியில் கங்காபல், நுந்த்கோல் ஏரிகளும் கண்முன் விரிகின்றன. காஷ்மீரப் பண்டிதர்கள் கங்கைக்கு நிகராகக் கருதி முன்னோரின் அஸ்தியைக் கரைத்துவந்த புனித நீர்நிலை கங்காபல். ஹர்முக்குக்கு நில அளவை வரலாற்றிலும் இடமுண்டு. 1856-இல் இம்மலையில் அளவை நிலையம் அமைத்த தாமஸ் மாண்ட்கோமரி, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் காரகோரத்தில் தெரிந்த இரு சிகரங்களை வரைந்து, கே1, கே2 எனக் குறியிட்டார். கே1-க்கு மாஷர்புரூம் என்ற உள்ளூர்ப் பெயர் இருந்தமையால் அப்பெயர் நிலைத்தது. உலகின் இரண்டாவது உயர்ந்த சிகரத்துக்கோ அளவைக் குறியே இன்றளவும் பெயராக நிற்கிறது.

கங்காபலின் நீர் நுந்த்கோலுக்கு இறங்கி, வாங்கத் ஓடையாகி, காஷ்மீர மன்னர் லலிதாதித்தியர் காலத்தவையாகக் கருதப்படும் 8-ஆம் நூற்றாண்டுக் கோயில் இடிபாடுகள் நிற்கும் நாராநாக்கைக் கடந்து சிந்துடன் சேர்கிறது. நடப்போரும் ஒரே நாளில் 1,300 மீட்டருக்கு மேல் இறங்கியே அவ்வூரை அடைகின்றனர். முகட்டின் வடபுறத்து நீரோ குரேஸ் பள்ளத்தாக்கின் வழியே சென்று, கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி நீலம் எனப் பெயர்பெற்று, முசாஃபராபாத் அருகே ஜீலத்தில் கலக்கிறது. 2018-இல் தொடங்கிவைக்கப்பட்ட 330 மெகாவாட் கிஷன்கங்கை நீர்மின் திட்டம் அந்நீரின் ஒரு பகுதியை, மலையைக் குடைந்து 23 கிலோமீட்டருக்கும் மேல் செல்லும் சுரங்கவழியாக வூலர் ஏரியின் பக்கம் திருப்புகிறது. பாகிஸ்தான் எழுப்பிய வழக்கில், அணைக்குக் கீழே ஆற்றில் நொடிக்கு 9 கன மீட்டர் நீரேனும் ஓட வேண்டும் என்று நடுவர் நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. ஆகவே விஷன்ஸரிலிருந்து புறப்படும் நீரில் ஒரு பங்கு எல்லை கடந்து முசாஃபராபாத்தையும், மறுபங்கு இருட்சுரங்கத்தினூடே காஷ்மீர்ப் பள்ளத்தாக்கையும் அடைகின்றன.