சாக்லெட் கொடுத்த மூதாட்டியைக் கொன்ற செல்போன் வதந்தி! தீர்த்தமலை மறக்கக்கூடாத பாடம்

தீர்த்தமலை:-

"எந்த ஊரு சாமி? எங்கேயிருந்து வர்றீங்க?"

தீர்த்தமலை அடிவாரத்தில் பஸ்சை விட்டு இறங்கும் வெளியூர்க்காரரிடம் கேட்கிற முதல் கேள்வி இதுதான். இதில் சந்தேகம் இல்லை. உபசாரம்தான் இருக்கிறது. பூக்கடை, தேங்காய்க்கடை, டீக்கடை எல்லாம் அந்தக் கேள்வியில்தான் வியாபாரத்தைத் தொடங்குகின்றன.

தர்மபுரி மாவட்டம் அரூரில் இருந்து சுமார் 16 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது தீர்த்தமலை. மலை மேல் தீர்த்தகிரீஸ்வரர் கோவில். ராமர் அம்பு விட்டு வரவழைத்ததாகச் சொல்லப்படும் ராமர் தீர்த்தம், இன்னும் அகஸ்தியர், குமாரர், கவுரி, அக்கினி தீர்த்தங்கள். அனுமன் தீர்த்தத்தில் தென்பெண்ணையில் முழுக்குப் போட்டுவிட்டு, மலையேறி ராமர் தீர்த்தத்தில் தலையை நனைப்பது வழக்கம். ஆடிப்பெருக்கு, மாசித் திருவிழா என்றால் கூட்டம் அலைமோதும்.

வந்த கூட்டத்தில் முக்கால்வாசி, ஊருக்குத் தெரியாத முகம். அந்த முகங்களை நம்பித்தான் பல வீட்டில் அடுப்பு எரிகிறது.

அதே "எந்த ஊரு?" என்ற கேள்வியை, கையில் கட்டையோடு ஒரு கும்பல் கேட்டால் என்ன ஆகும்?

பக்கத்து மாவட்டத்தில் அது நடந்தது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

குலதெய்வத்தைத் தேடிப் போன குடும்பம்

2018-ம் ஆண்டு மே மாதம் 9-ந் தேதி. சென்னையில் இருந்து ஒரு குடும்பம் காரில் புறப்பட்டது. குலதெய்வத்தைக் கும்பிட திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் போனார்கள். உடன் மலேசியாவில் இருந்து வந்த உறவினரும் இருந்தார்.

அத்திமூர் பகுதியில் வழி தெரியவில்லை. காரை நிறுத்தி விசாரித்தார்கள். அங்கே குழந்தைகள் விளையாடிக்கொண்டு இருந்தன. காரில் வந்த மூதாட்டி, பிள்ளைகள் மீது ஆசைப்பட்டு சாக்லெட் எடுத்துக் கொடுத்தார்.

அவ்வளவுதான்!

"பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள்" என்று கூச்சல் கிளம்பியது. கார் நகர்ந்தது. ஆனால் காரை விட வேகமாக செல்போனில் தகவல் முன்னால் போய்விட்டது. அடுத்த ஊரில் ஆட்கள் திரண்டு வழிமறித்தார்கள். காரைப் புரட்டிப் போட்டார்கள். கையில் கிடைத்ததைக் கொண்டு அடித்தார்கள்.

"ஐயா, நாங்க சாமி கும்பிட வந்தவங்க" என்பதைக் கேட்க ஒரு காதும் இல்லை.

மூதாட்டி செத்துப்போனார். கூட வந்தவர்கள் படுகாயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அவர் செய்த குற்றம் என்ன? குழந்தைக்கு மிட்டாய் கொடுத்தது.

மலையேறி இறங்கும் பாட்டிமார் மடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கல்கண்டு இருக்கும். உடைத்த தேங்காய் இருக்கும். எதிரில் வரும் குழந்தைக்கு "இந்தா கண்ணு, பிரசாதம்" என்று நீட்டாத பாட்டி உண்டா?

யார் வீட்டுக் குழந்தை காணோம்?

அந்த நாட்களில் வடதமிழ்நாடு முழுவதும் ஒரே பேச்சு. "வடநாட்டுக் கும்பல் இறங்கியிருக்கிறது, குழந்தைகளைக் கடத்துகிறது, உறுப்புகளைத் திருடுகிறது" என்று வாட்ஸ்அப்பில் பேச்சுப் பதிவும், படமும் பறந்தன. திண்ணையில் படுக்க ஜனங்கள் பயந்தார்கள். இரவில் இளைஞர்கள் காவல் நின்றார்கள்.

எந்த ஊரில் யார் குழந்தையைக் காணோம் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அத்திமூரில் ரத்தம் சிந்திய அதே நேரத்தில், பழவேற்காட்டில் ஒரு ஆளை இதே சந்தேகத்தில் அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில் நாடு முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோவின் வண்டவாளம் பிறகு வெளிவந்தது. மோட்டார் சைக்கிளில் வரும் இரண்டு பேர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு போகிற காட்சி. பார்த்த தாய்மார் துடித்தார்கள். உண்மையில் அது பாகிஸ்தானில் கராச்சியில், பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எச்சரிக்க எடுத்த விளம்பரப் படம். கடைசியில் அந்த ஆட்களே சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் யாரோ வெட்டி எறிந்துவிட்டார்கள்!

வெட்டிய அந்தச் சில வினாடிகளில்தான் உண்மை இருந்தது.

காசு கொடுத்த காலம்

செல்போன் நம் கைக்கு வந்த கதையைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

1995 ஜூலை 31-ந் தேதி, கல்கத்தாவில் இருந்து மேற்கு வங்காள முதல்-மந்திரி ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மத்திய மந்திரி சுக்ராமிடம் பேசினார். இந்தியாவின் முதல் செல்போன் பேச்சு அது. அப்போது வந்த அழைப்பை எடுத்தாலும் காசு. 2003 மே மாதத்தில்தான் வருகிற அழைப்பு இலவசம் ஆனது. அதன் பிறகுதான் செல்போன் மளமளவென்று கிராமத்துக்குள் நுழைந்தது.

எஸ்.எம்.எஸ். அனுப்பவும் காசுதான். தீபாவளி, புது வருஷம் என்றால் சலுகை எல்லாம் கிடையாது, முழுக்கட்டணம். அதனால் எழுத்தை எண்ணி எண்ணி அனுப்பினோம்.

பிறகு காலர் டியூன் வந்தது. ராசிபலன் வந்தது. கிரிக்கெட் ஸ்கோர், டி.வி. போட்டிக்கு ஓட்டு என்று ஒவ்வொன்றாக வந்தது. கேட்காத பாட்டுக்கும் பணம் போனது. பத்து ரூபாய்க்கு டாப்-அப் போட்டவன், மறுநாள் பேலன்சைப் பார்த்து தலையில் கைவைத்தான். புகார் குவிந்தது. வாடிக்கையாளரிடம் இரண்டு தடவை சம்மதம் வாங்காமல் இப்படிப்பட்ட சேவையை ஆரம்பிக்கக்கூடாது என்று 2013-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) உத்தரவு போட்டது.

அன்றைக்கு ஏமாந்தால் போனது ரூபாய். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு இன்டர்நெட் கட்டணம் தடாலடியாகச் சரிந்தது. ஆடு மேய்ப்பவர் கையிலும் வாட்ஸ்அப். செய்தி அனுப்பக் காசு இல்லை. எண்ண வேண்டியது இல்லை. படிக்காமலே அடுத்தவனுக்குத் தள்ளிவிடலாம்.

இன்றைக்கு ஏமாந்தால் போவது உயிர்!

ஆசியா முழுவதும் இதே கதை

இது நம் ஊர் வியாதி மட்டும் அல்ல. செல்போன் செய்தியின் பலத்தை ஆசியா முன்பே பார்த்துவிட்டது. 2001 ஜனவரியில் பிலிப்பைன்ஸ் நாட்டில், எஸ்.எம்.எஸ். மூலம் கூடிய ஜனக்கூட்டம் மணிலா வீதியில் நின்று ஜனாதிபதி எஸ்ட்ராடாவை பதவியை விட்டே இறக்கியது. ஒரு செய்தி லட்சம் பேரைக் கூட்டும் என்று உலகம் வாயைப் பிளந்தது.

கூட்டுகிற செய்தி, விரட்டவும் செய்யும். 2012 ஆகஸ்டு மாதம் பெங்களூரில் அது தெரிந்தது. வடகிழக்கு மாநிலத்தவரை அடிக்கப்போகிறார்கள் என்று எஸ்.எம்.எஸ். பரவியது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலையைப் போட்டுவிட்டு கவுகாத்தி ரெயிலில் அடித்துப் பிடித்து ஏறினார்கள். மத்திய அரசு பதறிப்போய், மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்புவதற்கு 15 நாள் தடை விதித்தது. 5 பேருக்கு மேல் அனுப்பக்கூடாது என்றது.

2018 மார்ச்சில் இலங்கையில் கண்டி மாவட்டத்தில் இனக்கலவரம். வெறுப்புச் செய்தி பரவாமல் இருக்க பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் அந்த நாட்டு அரசு சில நாள் முடக்கியது.

அத்திமூர் சம்பவம் நடந்து இரண்டு மாதத்துக்குள், 2018 ஜூலை 1-ந் தேதி, மராட்டிய மாநிலம் துலே மாவட்டம் ரெயின்பாடாவில், பிச்சை கேட்டு வந்த 5 நாடோடிகளைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று அடித்தே கொன்றார்கள். அதன் பிறகுதான் வாட்ஸ்அப் கம்பெனி அசைந்தது. வேறு இடத்தில் இருந்து வந்த செய்திக்கு 'பார்வர்டு' என்று முத்திரை குத்தியது. இந்தியாவில் ஒரு தடவைக்கு 5 பேருக்கு மேல் தள்ள முடியாதபடி செய்தது. 2012-ல் அரசு சொன்ன அதே 5! பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020-ல் இன்னும் இறுக்கினார்கள்.

கம்பெனி விரலைக் கட்டிவிட்டது. மனதை யார் கட்டுவது?

நாளைக்கு வெளியூர்க்காரன் நீயே!

அரூர் வட்டாரத்தில் இருந்து பிழைப்புக்காக பெங்களூர், திருப்பூர் பஸ் ஏறுகிறவர்கள் எத்தனை பேர்! கட்டிட வேலைக்கும், கம்பெனி வேலைக்கும் போகிற அவர்கள் அங்கே யார்? வெளியூர்க்காரர்கள்தான்.

2016 செப்டம்பரில் காவிரிக் கலவரம் மூண்டபோது, அடிக்கிற வீடியோக்கள் இரண்டு மாநிலத்திலும் செல்போனில் பறந்தன. பெங்களூரில் தமிழ்நாட்டு நம்பர் போட்ட பஸ், லாரிகள் கொளுத்தப்பட்டன. நம் பிள்ளைகள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்த இரவுகளை ஊரில் தாய்மார் மறந்திருக்க மாட்டார்கள்.

2023 மார்ச்சில் காற்று திரும்பி அடித்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் வடக்கே பரவின. அந்த மாநில அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்தது. அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு, அது பொய் என்று வீடியோவில் தோன்றிச் சொல்ல வேண்டி வந்தது.

2018-ல் நாம் அவர்களைப் பார்த்துப் பயந்தோம். 2023-ல் அவர்கள் நம்மைப் பார்த்துப் பயந்தார்கள். இரண்டு தடவையும் பயத்தைச் சுமந்து வந்தது ஒரே சாதனம்.

பொய்ச் செய்தியை கண்டுபிடிப்பது எப்படி?

பொய்ச் செய்திக்கு ஒரு சாடை உண்டு. தேதி இருக்காது. போலீஸ் நிலையத்தின் பெயர் இருக்காது. "நேற்று இரவு", "பக்கத்து ஊரில்" என்று இருக்கும். அந்தப் பக்கத்து ஊரில் கேட்டால், அவர்களுக்கும் 'பக்கத்து ஊர்'தான்! கடைசியில் "எல்லா குரூப்புக்கும் உடனே அனுப்பவும்" என்று இருக்கும்.

அப்படி ஒன்று வந்தால் செய்ய வேண்டியது சின்ன வேலை. அனுப்பியவரிடமே "நீங்க பார்த்தீங்களா அண்ணே?" என்று ஒரு போன் போடுங்கள். "எனக்கு வந்தது, அனுப்பினேன்" என்றால் அதோடு நிறுத்துங்கள். உண்மையிலேயே யார் மீதாவது சந்தேகம் என்றால் 112 அல்லது 100. குழந்தை விஷயம் என்றால் 1098. கையை ஓங்கும் வேலை நமக்கு இல்லை.

சட்டமும் சும்மா இல்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், பீதியைக் கிளப்பும் பொய்த்தகவல் பரப்பினால் 353-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. ஐந்து பேரோ அதற்கு மேலோ கூட்டாகச் சேர்ந்து மொழி, பிறந்த ஊர் போன்ற காரணத்துக்காக ஒருவரைக் கொன்றால் 103-வது பிரிவில் தூக்கு அல்லது ஆயுள். "நான் ஒரு அடிதான் அடித்தேன்" என்பது தப்பிக்க வழி ஆகாது.

அத்திமூர் வழக்கில் போலீசார் வலைவீசியபோது, கைதுக்குப் பயந்து ஊரே காலியானது. அடிபட்ட குடும்பம் மட்டும் அழவில்லை. அடித்த வீடுகளிலும் அடுப்பு அணைந்தது.

நல்ல செய்திக்கும் இதே போன்தான்

செல்போனைத் தூக்கி ஆற்றில் போடச் சொல்லவில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழை கொட்டியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். அரூரிலும் பேய் மழை. தென்பெண்ணை கரைபுரண்டது. அப்படிப்பட்ட ராத்திரியில் ஆற்றோரத்தில் இருப்பவனுக்கு உயிர் காப்பது ஒரு நல்ல செய்தி. நூறு பொய் வந்த போனில் நூற்றி ஒன்றாவதாக உண்மை வந்தால் எவன் நம்புவான்? பொய்யைத் தள்ளுகிறவன், உண்மைக்கும் வழியை அடைக்கிறான்.

ஆடிப்பெருக்குக்கு மறுபடியும் ஜனங்கள் வருவார்கள். சென்னைக் கார் வரும். வழி தெரியாமல் நிற்கும். கதவைத் திறந்து ஒரு பாட்டி இறங்குவார். குழந்தையைப் பார்த்தால் பையில் கையை விடுவார்.

அப்போது "எந்த ஊரு பாட்டி?" என்று கேளுங்கள். பதில் சொல்லும்வரை நில்லுங்கள். கோவிலுக்கு வழி காட்டுங்கள்.

ராமர் தீர்த்தத்துக்கு வருகிறவர் வீடு திரும்ப வேண்டும். அது தீர்த்தமலையின் பொறுப்பு.