திண்டுக்கல் பூட்டும் 48 எண் சாவியும்

திண்டுக்கல் என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வருகிறது? பிரியாணி என்பார் சிலர். மலைக்கோட்டை என்பார் சிலர். ஆனால், சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டை ஆளும் சகோதரிகளைக் கேட்டால், "பூட்டு!" என்றுதான் பதில் வரும். இரும்பையும் பித்தளையையும் கையால் ராவிச் செய்யும் அந்தப் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அந்த ஊரில்தான் என் அத்தை ஒரு பூட்டுக்கு முன்னால் செய்வதறியாமல் உட்கார்ந்திருந்தாள். அது பீரோப் பூட்டு அல்ல. காலமான மாமாவின் லாப்டாப்!

லாப்டாப் ஒரு நாள் கிளம்ப மறுத்தது. பழுது பார்த்தவர் உள்ளேயிருந்த பெரிய பலகையை மாற்றினார். உயிர் வந்தது, ஆனால் நீலத் திரையில் ஒரே கேள்வி: "மீட்புச் சாவியைக் கொடு." 48 எண்கள்! "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டார் அவர். அழிப்பதாவது! பேத்தியின் காதுகுத்துப் படங்கள், வீட்டுக் கணக்கு, மாமா தட்டச்சு செய்து வைத்த கடிதங்கள், எல்லாம் அதற்குள்தானே இருக்கின்றன?

"பூட்டுக்காரர் ஊரிலே இருந்துகொண்டு சாவிக்குத் தவிக்கிறேனே, அம்மா!" என்றாள் அத்தை.

சாவி தொலைந்தால் பூட்டை அறுத்துவிடலாம். பெட்டிக்குள் இருக்கும் புடைவைக்கு ஒன்றும் ஆகாது. கம்ப்யூட்டர் விஷயம் அப்படியல்ல. 'பிட்லாக்கர்' என்கிற விண்டோஸ் பூட்டு, பெட்டிக்குப் போட்ட பூட்டல்ல. உள்ளேயிருக்கும் கடுதாசியின் ஒவ்வோர் எழுத்தையும் கலைத்து வைக்கும் பூட்டு. வட்டைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும், சாவி இல்லாவிட்டால் வெறும் குப்பைதான் தெரியும். ஊகித்துப் பார்ப்போம் என்றால், எத்தனை சாவிகளைப் போட்டுப் பார்க்க வேண்டும் தெரியுமா? அந்தத் தொகையை எழுதவே 39 இலக்கங்கள் வேண்டும்!

"தினமும் கேட்காத சாவியை இன்று ஏன் கேட்கிறது?" என்பீர்கள். பலகையில் உள்ள ஒரு சிறு சில்லு, தினமும் நமக்காகச் சாவியைக் கொடுத்து வந்தது. பலகை மாறினால் பழைய சில்லும் போய்விடும். வந்திருப்பவர் திருடரோ என்று பூட்டுக்குச் சந்தேகம்!

இது அத்தைக்கு மட்டும் வந்த சங்கடம் என்று எண்ண வேண்டாம். 2024 ஜூலை 19-ஆம் தேதி, கிரௌட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பினால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் பிரயாணிகளுக்குக் கையாலேயே சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கோப்பை நீக்கப் போன இடங்களிலும், பூட்டிய கம்ப்யூட்டர்கள் முதலில் கேட்டது இதே 48 எண்களைத்தான்.

சரி, சாவி எங்கே இருக்கும்? பெரும்பாலும், லாப்டாப்பில் முதன்முதலாகப் பதிந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். வேறு போனிலிருந்தே அந்தக் கணக்கைத் திறக்கலாம். பல சாவிகள் இருந்தால், நீலத் திரையில் தெரியும் அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துக்களோடு ஒத்துப் பார்க்க வேண்டும். சிலர் தாளில் அச்சிட்டிருப்பார்கள். சிலர் பென்டிரைவில் வைத்திருப்பார்கள். ஆபீஸ் லாப்டாப் என்றால் ஆபீசில் கேட்க வேண்டும். எங்குமே இல்லையென்றால், மைக்ரோசாஃப்டே வந்தாலும் திறக்க முடியாது.

மாமாவின் கணக்கோ கடவுச்சொல் தெரியாத கணக்கு. அதை மாற்ற, அவருடைய போனுக்கு ஒரு ரகசிய எண் வர வேண்டும். "அந்த நம்பரை எடுத்துவிடலாம் அம்மா, வீண் செலவு" என்று மகன் பலமுறை சொல்லியிருந்தான். அத்தைதான் கேட்கவில்லை. மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்து, போனைச் சாமி படத்தருகில் வைத்திருந்தாள். "அவர் நம்பர், இருந்துவிட்டுப் போகட்டும்" என்ற ஒரே காரணம்! ரீசார்ஜ் நின்றிருந்தால் எண் கைவிட்டுப் போய், பிறகு வேறொருவருக்குச் சேர்ந்திருக்கும்.

போன் மணியடித்தது, ரகசிய எண் வந்தது, கணக்கு திறந்தது. 48 எண்களை நான் படிக்க, அத்தை தட்டினாள். காதுகுத்துப் படத்தில் மாமா சிரித்துக்கொண்டிருந்தார். அத்தை வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டு லாப்டாப் இன்று நன்றாகத்தானே இருக்கிறது? அப்படியானால் இன்றே செட்டிங்ஸில் 'பிட்லாக்கர்' அல்லது 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று தேடிப் பாருங்கள். பூட்டு போட்டிருந்தால், சாவியைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆறாறு எண்களாக எட்டுத் தொகுதி; ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். வகுபடாவிட்டால், எழுதியதில் பிழை என்று அறிக! படங்களுக்கு வேறிடத்தில் ஒரு நகலும் இருக்கட்டும். யாராவது "அழித்துவிடலாமா?" என்று கேட்டால், எல்லா இடமும் தேடி முடிக்கும்வரை "பொறுங்கள்" என்று சொல்லுங்கள்.

அத்தை தன் சீட்டை லாப்டாப் பைக்குள் வைக்கவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டினாள். எந்த ஊர்ப் பூட்டு என்று நான் சொல்லவும் வேண்டுமா?