அழாமல் வந்த பாட்டு

மாயா அருட்பிரகாசம் 'எம்.ஐ.ஏ.' என்ற பெயரில் தன் முதல் அல்பமான 'அருளர்' ஐ வெளியிட்டு இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. 2005 மார்ச்சில் வெளியான அந்த அல்பம் பிரித்தானியாவின் மெர்க்குரி விருதுக்கான இறுதிப் பட்டியலுக்குப் போனது. நியூயோர்க்கின் 'விலேஜ் வொய்ஸ்' வார இதழ் விமர்சகர்களிடம் எடுத்த அந்த ஆண்டு வாக்கெடுப்பில் கன்யே வெஸ்ட்டின் அல்பத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான் கிடைத்தது. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் வளர்ந்து, தாயோடும் உடன்பிறப்புகளோடும் அகதியாக லண்டன் போய்ச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு இது சின்ன வரவேற்பு அல்ல. ஆனால் விருதையும் வாக்கையும் வைத்து அந்த அல்பம் நன்றாகக் கேட்கப்பட்டது என்று முடிவு கட்டினால் பிழையாகிவிடும். அது பாராட்டப்பட்டது, விசாரிக்கப்பட்டது. காது கொடுத்துக் கேட்டவர்கள் குறைவு. இதை இப்போது கிளறுவதற்குக் காரணம் உண்டு. அக்கரப்பத்தனை, டயகம, ஹோல்புறூக் பக்கத்துத் தோட்டங்களில் கைத்தொலைபேசியில் ஒரு தாளத்தை ஓடவிட்டு அதற்கு வரி கட்டிப் பார்க்க ஆசைப்படும் பெண்பிள்ளைக்கும் நாளை இதே வரவேற்புத்தான் கிடைக்குமோ என்ற கவலை பல நாளாக மனதை அரிக்கிறது.

விசாரணை தகப்பனிடமிருந்து தொடங்கியது. 'அருளர்' என்பது அவருடைய தந்தையின் இயக்கப் பெயர். 1975இல் லண்டனில் உருவான ஈரோஸ் அமைப்பின் ஆரம்பகர்த்தாக்களில் ஒருவர், லெபனானில் பயிற்சி பெற்றவர், 1977 கலவரத்தில் அடிபட்டுக் கொழும்பிலிருந்து கப்பலேறிய தமிழர்களைப் பற்றி 'லங்கா ராணி' நாவலை எழுதியவர். மேற்கு நாட்டுப் பத்திரிகைகள் பல இந்த வேறுபாடுகளுக்குள் போகவே இல்லை. புலி என்று ஒரே சொல்லில் எழுதி முடித்தன. ஈரோஸ் வேறு, அதன் சிந்தனை வேறு என்பதையும், மலையகத் தோட்டத் தொழிலாளரைத் தன் அரசியலின் நடுவில் வைத்துப் பேசிய இயக்கம் அது என்பதையும் எடுத்துச் சொல்ல அங்கே ஆளில்லை. இங்கே சொல்லியிருக்க வேண்டிய நாமும் சொல்லவில்லை. லண்டனில் ஒரு அல்பத்தின் அட்டையில் இருந்த பெயருக்கும் நம் லயங்களுக்கும் இடையில் இப்படி ஓர் அரசியல் உறவு இருந்ததைக் கவனித்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே. தகப்பன் பெயரைத் தலைப்பாக வைத்தவரே மகள்தானே, பிறகு தகப்பனைப் பற்றிக் கேட்டால் கோபிப்பானேன் என்று கேட்கலாம். அந்தத் தகப்பன் வீட்டில் இல்லாதவர். தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர் தாய். இல்லாதவரைக் கூப்பிடத்தான் மகள் அந்தப் பெயரை வைத்தார். 2007இல் வந்த அடுத்த அல்பத்துக்குத் தாயின் பெயரான 'கலா' வையே வைத்தார். தலைப்பில் இருந்தது மகளின் கேள்வி. கேட்டவர்களோ தகப்பனின் கோப்பைத்தான் புரட்டினார்கள்.

அடுத்த கேள்விதான் எனக்கு அதிகம் உறுத்துவது: இதை உண்மையில் செய்தது யார்? எந்த வாத்தியமும் முறையாகக் கற்காத மாயா, பீச்சஸ் என்ற கனேடியப் பாடகி அறிமுகப்படுத்திய ரோலண்ட் எம்.சி.505 என்ற கருவியை வைத்துத்தான் ஆரம்பித்தார். தாளத்தையும் தாழ்சுருதியையும் விரலால் தட்டிப் பதிந்து அடுக்குகிற பெட்டி அது. வீட்டிலிருந்தபடி அதில் தட்டிக் கட்டிய மாதிரிப் பாடல்களே அவருக்குப் பதிவு நிறுவனத்தின் கதவைத் திறந்தன. 'அருளர்' கேட்கும்போது இந்தக் கைவேலை தெளிவாகத் தெரியும். மெலிந்த தாளம், அதில் வேண்டுமென்றே விடப்பட்ட இடைவெளி, அந்த இடைவெளிக்குள் புகுந்து அடிக்கும் குரல். 'கலாங்' பாட்டின் கடைசிப் பகுதியில் சொற்கள் ஓய்ந்து, ஒரே குரலை மேலே மேலே அடுக்கிக் கூட்டமாக்கிய கூவல் எழும். கோயில் வாசலில் பெண்கள் சேர்ந்து இடும் குலவையை அறிந்த காதுக்கு அது புதிதல்ல. ஸ்டீவ் மெக்கி, ராஸ் ஓர்டன், ரிச்சர்ட் எக்ஸ் என்று பலர் பல பாடல்களில் உடன் வேலை செய்தார்கள், அவர்கள் பெயரும் அட்டையில் முறையாக இருக்கிறது. இருந்தும் அந்த அல்பத்தின் பெருமையை அமெரிக்க இசையமைப்பாளர் ஒருவர் கணக்கில் எழுதுவது பத்திரிகைகளில் வழக்கமாகிவிட்டது. 2007இல் ஒரு நேர்காணலில் மாயா இதை நேரடியாகவே மறுத்துப் பேச வேண்டி வந்தது. ஐஸ்லாந்தின் பியோர்க், அதற்கு முன்பே பல அல்பங்கள் செய்து புகழ்பெற்றவர், 2015இல் 'வல்னிகூரா' வெளிவந்தபோது இதே குறையைச் சொன்னார். ஆண் கூடச் சேர்ந்து வேலை செய்தால் அவன் இயக்குநர், பெண் குரல் மட்டும் கொடுத்தவள். இந்தக் கணக்கு உலகம் முழுக்க ஒன்றாகத்தான் இருக்கிறது.

மலையகம் இதில் விதிவிலக்கு இல்லை. மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளருக்குப் பழக்கமான மெட்டுகளில் அரசியலைப் பாடினார். கூலிக் குறைவையும் இந்தியர் மீதான பாகுபாட்டையும் பாட்டாக்கி 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பாட்டுப் புத்தகமாகவும் வெளியிட்டார். தாளத்தில் ஏற்றிய வாதம், அதை ஒரு பெண் மேடையில் நின்று சொன்னது என்று பார்த்தால் ராப்புக்கு இதைவிட நெருங்கிய உறவு நம்மிடம் வேறு இல்லை. ஆனால் அவரை இன்றைக்கும் கோ. நடேசய்யரின் மனைவி என்று சொல்லித்தான் அறிமுகப்படுத்துகிறோம். தலவாக்கலைத் தொகுதியின் முதல் உறுப்பினராக 1947இல் பாராளுமன்றம் போன சி.வி. வேலுப்பிள்ளை, தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்துத் தந்தார். அந்தப் பணிக்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள். அந்தப் பாடல்களில் கங்காணியையும் துரையையும் கேலி செய்யும் வரிகளை முதலில் கட்டிய பெண்களின் பெயர் மட்டும் காலத்தோடு போய்விட்டது. அவர்கள் காலத்தில் பெயரை எழுதி வைக்கும் பழக்கம் இல்லை என்பது சரியான பதில்தான். இன்று அந்தப் பதில் செல்லாது.

விசாரணையின் வேர் எங்கே என்று பார்க்க வேண்டும். தமிழ்ச் சமூகம் பெண்ணின் குரலை வாய் மூடி வைத்த சமூகம் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. தாலாட்டும் ஒப்பாரியும் பெண்களுடையவை. இழவு வீட்டில் ஒரு பெண் எடுக்கும் ஒப்பாரியில் கணவனை, மாமியாரை, அண்ணன்மாரை, தோட்டத்தை, கடவுளையே கூட ஏசலாம். யாரும் தடுப்பதில்லை, அதை அழுகையின் கணக்கில் எழுதிவிடுகிறோம். அழுதுகொண்டே சொன்னால் எதையும் சொல்லலாம். காமன் பண்டிகையோடு வந்த லாவணியைப் பாருங்கள். காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி, டேப்பைத் தட்டிக்கொண்டு பாட்டுக்குப் பாட்டு மடக்குவார்கள். எதிராளியின் சொல்லையே பிடித்து அவன் தலையில் போடுவார்கள், தன் புலமையைத் தானே மெச்சிக்கொள்வார்கள். நியூயோர்க் தெருக்களில் பிறந்த ராப் போட்டியின் இலக்கணத்தை நம்மவர்கள் அதற்கு வெகு காலம் முன்பே கையில் வைத்திருந்தார்கள். ஆனால் அந்த மேடை பெரும்பாலும் ஆண்களுக்கே. ரதியாக ஆடியவரும் ஆணே. ஒப்பாரியைப் பெண்ணிடம் விட்டோம், லாவணியை ஆணிடம் வைத்துக்கொண்டோம். 'அருளர்' இந்தப் பங்கீட்டைக் குலைத்தது. போரிலிருந்து வந்த ஒரு பெண் அழவில்லை. ஆட வைக்கும் தாளத்தில் தன்னை மெச்சிக்கொண்டார், சண்டைக்கு இழுத்தார், கேலி செய்தார். அழுதிருந்தால் கண்ணீரோடு கேட்டிருப்பார்கள். அழாததால் இவள் உண்மையில் கஷ்டப்பட்டவள்தானா என்று சந்தேகப்பட்டார்கள்.

வாதாடும் பெண் நம் தோட்டத்துக்கு அந்நியமில்லை. பின்னேரம் மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் நேரம் போய் நின்றால் தெரியும். முதுகில் சாக்கோடு வரிசையில் நிற்பார்கள். தராசு ஒரு எடையைக் காட்டும், ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கழித்துவிட்டு வேறு எடை துண்டில் ஏறும். "ஏங்கய்யா, வெயில் அடிச்ச நாளும் தண்ணிக்குன்னு ரெண்டு கிலோ வெட்டுறீங்களே, அந்தத் தண்ணி எங்கேருந்துய்யா வருது?" என்று ஒருத்தி தொடங்கினால், பின்னால் நிற்பவள் அந்த 'வெட்டுறீங்களே' யைப் பிடித்து அடுத்த கேள்வியைக் கட்டுவாள். வரிசை முழுக்கச் சிரிப்பு எழும். எதுகையும் வேகமும் எதிராளியை மடக்கும் இடமும் அதில் அப்படியே இருக்கும். பேர் விழுமா அரைப்பேராகுமா என்ற கவலையின் நடுவில் பிறக்கும் இந்தப் பேச்சை நாம் வாயாடித்தனம் என்கிறோம். கலை என்று சொல்ல மனம் வருவதில்லை.

'அருளர்' மீதான கனமான ஆட்சேபம் துப்பாக்கியைப் பற்றியது. அல்பத்தின் அட்டையிலும் அச்சிட்ட படங்களிலும் துப்பாக்கியும் குண்டும் வண்ணவண்ணமாக இருந்தன. 'சன்ஷவர்ஸ்' பாடலின் துப்பாக்கிச் சத்தத்துக்கும் பலஸ்தீன விடுதலை இயக்கத்தைக் குறிக்கும் சொல்லுக்கும் ஓர் இசைத் தொலைக்காட்சி ஆட்சேபம் தெரிவித்தது. போர்க்காலத்தில் தமிழ்ப் பெயர் ஒன்றுக்காகவே சோதனைச் சாவடிகளில் இறக்கப்பட்ட, பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே போன மலையக இளைஞர்களை நினைத்தால், தூரத்திலிருந்து இப்படிப் பாடுவது யாருக்கு ஆபத்து என்று கேட்கத்தான் தோன்றும். நியாயமான பயம் அது. ஆனால் அந்தப் பயத்துக்கும் பாட்டில் வைத்தே பதில் கேட்டிருக்கலாம். இலங்கைப் பின்னணி கொண்ட அமெரிக்க ராப் பாடகர் ஒருவர் 2008இல் அதைத்தான் செய்தார். மாயாவின் 'பேப்பர் பிளேன்ஸ்' மெட்டையே எடுத்து அவரை எதிர்த்துப் பாடினார், பயங்கரவாதத்துக்குத் துணை போகிறார் என்று குற்றம் சாட்டினார். அவருடைய குற்றச்சாட்டு எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனாலும் அத்தனை விமர்சகர்களையும்விட அவர்தான் மாயாவைச் சமமான வாதியாக எடுத்துக்கொண்டவர் என்பேன். எரிந்த கட்சிக்கு எரியாத கட்சி பதில் சொன்னது போல் அவர் பாட்டுக்குப் பாட்டால் பதில் சொன்னார்.

ராப் நமக்கு ஒட்டாத இரவல் சரக்கு, அதுவும் இங்கிலீஷில் பாடினால் நமக்கென்ன என்பவர்களும் உண்டு. சென்னையில் வளர்ந்த சோஃபியா அஷ்ரஃப் 2015இல் கொடைக்கானல் பாதரசக் கழிவைப் பற்றி இங்கிலீஷில்தான் ராப் பாடினார். அதை இலட்சக்கணக்கானோர் பார்த்தார்கள், பல ஆண்டுகளாக இழுபட்ட விவகாரத்தில் 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளருக்கு நட்டஈட்டு ஒப்பந்தம் கிடைத்தது. அந்த ஒப்பந்தம் தொழிலாளரின் நீண்ட போராட்டத்தின் விளைவு, பாட்டு அதைத் தள்ளிவிட்ட கைகளில் ஒன்று. மலையில் வேலை செய்து உடம்பு கெட்டவர்களின் வழக்கைப் பெண் ஒருத்தி தாளத்தில் வாதாடினாள் என்பது நமக்கு எப்படி அந்நியமாகும்? சிங்கப்பூரின் லேடி காஷ் 2010இல் 'எந்திரன்' படத்துக்கு ரஹ்மானின் இசையில் ராப் எழுதிப் பாடியதும் நம் காதுக்கு வந்ததுதான். மாயாவின் பெயரும் பெரும்பாலான தமிழ் வாசகருக்கு 'ஸ்லம்டோக் மில்லியனர்' படப் பாடலுக்காக ரஹ்மானோடு சேர்ந்து ஒஸ்கார் பரிந்துரைப் பட்டியலில் வந்த பிறகுதான் பழக்கமானது. அதற்குள் 'அருளர்' வந்து நாலு வருடம் போய்விட்டது.

2021இல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' யைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அறிவு என்ற ராப் கலைஞரின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தமிழ்நாடு போன பரம்பரை. அந்த நினைவிலிருந்து எழுந்த பாட்டு நம் லயங்களிலும் ஒலித்தது, நம்முடையது என்று நெஞ்சில் வைத்துக்கொண்டோம். அருமையான பாட்டு, பேரன் பாட்டிக்குச் செய்த மரியாதை. தோட்டத்துப் பெண்ணின் வாழ்க்கை உலகத்துக்குப் போய்ச் சேர்ந்த வழி ஒரு பேரனின் வாய் என்பதையும் கவனிக்கத்தான் வேண்டும். பேத்தி தானே எழுந்து, தன் பெயரில், தன் சொல்லில் பேசும் அல்பம் இன்னும் நம் கைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். பிரட்டுக்குப் போகும் தாய் வீட்டில் இல்லாத நேரத்தில் தம்பி தங்கையைப் பார்ப்பவள் அவள். சாதாரண தரம் முடிந்ததும் கொழும்புக் கடையா, ஆடைத் தொழிற்சாலையா என்று முடிவெடுக்க வேண்டியவள் அவள். மைக் முன்னால் நிற்கும் பையனுக்கு ஊர் கை தட்டும். அவள் நின்றால் அப்பா பெயர் என்ன, எழுதிக் கொடுத்தது யார், யாரோடு சேர்ந்து திரிகிறாள் என்று அடுக்கிக் கேட்கும். லண்டனிலும் நியூயோர்க்கிலும் மாயாவிடம் கேட்ட கேள்விகள்தான் அவை. அவரிடம் திருப்பிப் பேசப் பத்திரிகை நேர்காணல்கள் இருந்தன. இவளிடம் அது கூட இல்லை. முதல் பாட்டோடு அடங்கிப் போவாள்.

ஆகவே கோயில் திருவிழாக் குழுக்களிடமும் காமன் கூத்து நடத்தும் மாஸ்டர்மாரிடமும் ஒரு வேண்டுகோள். வருகிற மாசியில் லாவணி மேடை போடும்போது, எரிந்த கட்சிக்கோ எரியாத கட்சிக்கோ தோட்டத்துப் பெண்பிள்ளைகளை நிற்க வையுங்கள். டேப்பை அவர்கள் கையில் கொடுங்கள், வரியை அவர்களே கட்டட்டும். பாடசாலைகள் தமிழ்மொழித் தினத்துக்குப் பிள்ளைகளைப் பழக்கும்போது மனப்பாடப் பாட்டோடு நின்றுவிடாமல் வாதப் பாட்டையும் பழக்குங்கள். அறிவிப்பாளர்மார் பாடியவரின் பெயரோடு எழுதியவரின் பெயரையும் மேடையில் சொல்லுங்கள், இரண்டும் ஒரே பெயராக இருந்தால் அதையும் சொல்லுங்கள். கேட்கும் நாம் அவள் யார் மகள் என்று விசாரிப்பதை விட்டு அவள் வைத்த வாதத்துக்குப் பதில் சொல்வோம். ஒப்பவில்லையா, தாராளமாக எதிர்த்துப் பாடுங்கள்.