ரத்தத்தின் நிறம் பச்சை!

கடலுக்குள் 20 மீட்டர் ஆழத்தில் இருக்கிறீர்கள். பாறையில் உரசி விரலில் கீறல். ரத்தம் என்ன நிறத்தில் வரும்? 'இதென்ன கேள்வி, சிவப்பு' என்றால் மார்க் கிடையாது. கரும்பச்சை! 'நாம மனுஷ ஜாதிதானா?' என்று ஒரு கணம் சந்தேகமே வந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் டார்ச் அடித்ததும் பச்சை சட்டென்று சிவப்பாகும். அப்பாடா!

விஷயம் இதுதான். சூரிய வெளிச்சத்தில் தண்ணீர் முதலில் பிடித்தம் செய்வது சிவப்பை. ஐந்தாறு மீட்டரிலேயே அதில் பெரும்பகுதி காலி. அடுத்து ஆரஞ்சு, மஞ்சள். கடைசியில் கைக்கு வருவது நீலம் மட்டும். மாதாமாதம் சம்பள ஸ்லிப் பார்க்கிற நமக்கு இது புதிதில்லை. அதனால்தான் பட்டப்பகலிலும் கடலுக்கடியில் போட்டோ எடுக்கிறவர்கள் கையில் விளக்கோடு அலைகிறார்கள்.

பாங்க் கடன் பிரிவில் இருக்கும் என் நண்பன் ஸ்கூபா சர்ட்டிபிகேட் வாங்கின கையோடு, "பாலியில ராத்திரி டைவ் பண்றோம். நீ பி.காம்.தானே, டார்ச் விலையெல்லாம் பார்த்துச் சொல்லு" என்றான். பி.காமுக்கும் டார்ச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள். டார்ச் விளம்பரமும் கம்பெனி பேலன்ஸ் ஷீட் மாதிரிதான். பெரிய எண் முதல் பக்கத்தில், நிஜம் அடிக்குறிப்பில்.

பெரிய எண் என்பது லூமென். மொத்தம் எவ்வளவு வெளிச்சம் வெளியே வருகிறது என்ற கணக்கு. எங்கே போய் விழுகிறது என்று அது சொல்லாது. ஆயிரம் லூமெனை 10 டிகிரிக்குள் குவித்தால் ஈட்டி. 120 டிகிரிக்குப் பரப்பினால் ஜமக்காளம். ராத்திரி டைவுக்கு ஈட்டி வேண்டும். தூரத்தில் பாறை இடுக்கில் ஒளிந்திருப்பதைப் பார்க்க, கூட வந்தவருக்கு சிக்னல் காட்ட அதுதான் சரி. போட்டோவுக்கும் வீடியோவுக்கும் ஜமக்காளம். ஈட்டியால் படம் எடுத்தால் மீன் மூக்கில் ஒரு வெள்ளை வட்டமும் சுற்றிலும் அமாவாசையுமாக வரும்.

அடிக்குறிப்பில் இன்னொன்று. 120 டிகிரி என்பது காற்றில் அளந்தது. முன்புறம் தட்டைக் கண்ணாடி இருந்தால், ஒளிவிலகலின் புண்ணியத்தில் தண்ணீருக்குள் அது ஏறக்குறைய 80 டிகிரியாகச் சுருங்கிவிடும். கண்ணாடி குவிந்து டோம் மாதிரி இருந்தால் இந்த நஷ்டம் பெரும்பாலும் இல்லை.

"அப்ப பதினஞ்சாயிரம் லூமென் வாங்கிடலாமா?" என்றான் நண்பன். கடன் பிரிவில் இருப்பதால் அவனுக்கு எல்லாமே பெரிய தொகை. இரண்டு மடங்கு தூரம் தள்ளினால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். தவிர, சிவப்பைத் தண்ணீர் போகும்போதும் பிடிக்கும், திரும்பி வரும்போதும் பிடிக்கும். ஒரு மீட்டர் தள்ளி இருக்கிற மீனுக்கு இரண்டு மீட்டர் தண்ணீர்க் கணக்கு. எத்தனை லூமென் இருந்தாலும் கிட்டே போனால்தான் நிறம். ராத்திரி டைவுக்கு ஆயிரம் லூமென் தாராளம் என்பது என் கட்சி. பகலில் சூரியனோடு போட்டி போட்டு வீடியோ எடுக்கிறவர்கள்தான் ஆயிரக்கணக்கில் போகவேண்டும். அசையாத படம்தான் லட்சியம் என்றால், அந்தக் காசுக்கு ஸ்ட்ரோப் ஃபிளாஷ் வாங்கி, டார்ச்சை போகஸ் பண்ண மட்டும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கலங்கல் தண்ணீரில் இன்னொரு தொல்லை. கேமராவுக்கு மேலேயே விளக்கை வைத்தால், மிதக்கும் தூசியெல்லாம் பளிச்சிட்டுப் படத்தில் பனி பெய்யும். பனிமூட்டத்தில் ஹைபீம் போட்டு லாரி ஓட்டினவர்களுக்குப் புரியும். விளக்கை நீளமான கையில் மாட்டி, பக்கவாட்டில் தள்ளிவைக்க வேண்டும்.

நிறத்துக்கு வருகிறேன். நீல எல்.ஈ.டி. கண்டுபிடித்ததற்காக 2014-ல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். வழக்கமான வெள்ளை எல்.ஈ.டி., அடியில் நீலம், மேலே மஞ்சள் பாஸ்பர் பூச்சு. இரண்டும் கலந்து வெள்ளை மாதிரி தெரியும். சிவப்பு கொஞ்சமாகத்தான் இருக்கும். கடலுக்கடியில் நமக்கு வேண்டியதோ அந்த சிவப்பு! ஆகவே சி.ஆர்.ஐ. என்ற எண்ணைப் பாருங்கள். 90-க்கு மேல் இருந்தால் நல்லது. அந்த சராசரியிலும் அழுத்தமான சிவப்பு சேர்த்தியில்லை. அதற்கு ஆர்9 என்று தனி எண். அதைக் கூச்சப்படாமல் அச்சடித்திருக்கிற கம்பெனியை நம்பலாம்.

இனி உயிர் சமாச்சாரம். ராத்திரி இறங்கினால் ஆளுக்கு இரண்டு விளக்கு. மெயின் ஒன்று, ஸ்பேர் ஒன்று. மெயின் அணைந்தால் ஸ்பேரை எரியவிட்டு, கூட வந்தவருக்குக் காட்டி, மேலே வரவேண்டும். ஸ்பேரோடு மிச்ச டைவை முடிக்கலாம் என்கிற ஹீரோயிசம் வேண்டாம். 20 மீட்டர் இருட்டில் காற்று மீட்டரைக்கூடப் படிக்க முடியாது ஸார்.

'ஐ.பி.எக்ஸ். 8' என்று போட்டிருந்தால் மயங்காதீர்கள். ஒரு மீட்டருக்கு மேல் மூழ்கினாலும் தாங்கும், எவ்வளவு என்பது தயாரிப்பாளர் இஷ்டம். 20 மீட்டரில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் மூன்று மடங்கு. ஆழம் இத்தனை மீட்டர் என்று தெளிவாக இருக்கவேண்டும். தண்ணீரைத் தடுப்பது ஓ-ரிங் என்கிற அற்ப ரப்பர் வளையம். அதில் ஒரு தலைமுடி சிக்கினால் போதும், உப்புத் தண்ணீர் உள்ளே! (வழுக்கைக்கு இப்படியும் ஒரு லாபம்.) ஸ்பேர் லித்தியம் பாட்டரிகள் விமானத்தில் கைப்பையில்தான் போகவேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது.

நாங்கள் இறங்கினது பாலியின் வடகிழக்கில் துலாம்பென். கறுப்புக் கூழாங்கல் கரை. நம்மூர் தண்ணீர்க் குடம் மாதிரி, பெண்கள் காற்று சிலிண்டரைத் தலையில் சுமந்து போகிறார்கள். கரையிலிருந்து நீந்தினால் கொஞ்ச தூரத்தில் 'லிபர்ட்டி' என்ற அமெரிக்க சரக்குக் கப்பல் கிடக்கிறது. 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கி டார்பிடோ அடித்து, கரைதட்ட வைத்து, 1963-ல் ஆகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்த கப்பல்.

சிக்னல்களைக் கரையிலேயே ஒத்திகை பார்த்தோம். டார்ச்சால் வட்டம் போட்டால் 'ஓ.கே.' இடவலமாக வேகமாக ஆட்டினால் 'ஆபத்து, வா!' எதிராளி கண்ணில் மட்டும் அடிக்கவே கூடாது. கண் இருட்டுக்கு முழுசாகப் பழக அரைமணி ஆகும். கெடுக்க ஒரு நொடி.

கப்பலின் இடுக்கில் ஒரு கிளிமீன் தூங்கிக்கொண்டிருந்தது. வாயிலிருந்து சுரந்த கோழையால் தன்னைச் சுற்றிக் கண்ணாடிப் பை மாதிரி பின்னி, உள்ளே நிம்மதியாக! நண்பன் டார்ச்சைச் சிவப்புக்கு மாற்றிக்கொண்டான். சிவப்பு வெளிச்சம் பல மீன்களின் கண்ணுக்கு அவ்வளவாக எட்டுவதில்லை, மிரளாது.

பிறகு கைடு சைகை காட்டினார். விளக்கை அணைக்காமல் நெஞ்சோடு அழுத்தி மறைத்துக்கொண்டோம். மை இருட்டு. என் மூச்சுச் சத்தம் எனக்கே பயமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் கப்பலின் உள்ளேயிருந்து சின்னச் சின்ன நீலப் பொட்டுகள் மினுக்கி மினுக்கி வெளியே வந்தன. கண்ணுக்குக் கீழே விளக்கு உள்ள மீன்கள். அந்த விளக்கில் குடியிருப்பது ஒளிரும் பாக்டீரியா. வேண்டாதபோது மீன் அதை மூடிக்கொள்ளும். என்ன லூமென் என்று நண்பன் கணக்குப் போட்டிருப்பான். எண்ணி முடிப்பதற்குள் கைடு காற்று மீட்டரைத் தட்டிக்காட்டி, டார்ச்சால் மேலே போகச் சொன்னார்.